நீ கேட்ட கயிறு

மகனே,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. உனக்கு அனுப்பவேண்டிய பார்சலில் முறுக்கையும் மிளகாய்த்தூளையும் அடுக்கிவிட்டு, என் ஆபீஸ் அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் தென்னந்தும்புக் கயிற்றையும் எடுத்து அவற்றின் மேல் வைத்தாள் உன் அம்மா. நான் அதை எடுத்து மறுபடி ஆணியில் மாட்டினேன். கடைத்தெருவுக்குப் போய்விட்டு வருவதற்குள் கயிறு திரும்பவும் பார்சலுக்குள் போய்விட்டது. "பெத்த புள்ள ஆசையா கேக்குறான். ஒரு கயித்தக் குடுக்க மனசு வர மாட்டேங்குது, நீங்கல்லாம் என்ன அப்பா?" என்றாள். கயிற்றை எடுத்துக்கொண்டு வந்து மேசைமேல் போட்டேன். இப்போது அது மைக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன்னால் உனக்குச் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். நேரில் சொல்லும் தைரியம் எனக்கு ஒருநாளும் வராது, அதனால் எழுதுகிறேன்.

உன் கம்பெனிக்கு ஊவாத் தேயிலைத் தோட்டங்கள் சிலவற்றில் தொழிலாளர் குடியிருக்க வரிசை வீடாகப் புது லயம் கட்டும் வேலை கிடைத்திருக்கிறது, அதை முழுசாக உன் கையில் கொடுத்திருக்கிறார்கள், முதல் தோட்டம் பூனாகலைப் பக்கம் என்று எழுதியிருக்கிறாய். அப்பாவைப் போலவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், நிலத்தில் கயிறு கட்டி, குடியிருக்கப் போகும் சனங்களை உள்ளே நிற்கவைத்துக் கேட்டுவிட்டுத்தான் பென்சிலைத் தொடுவேன் என்றும் எழுதியிருக்கிறாய். "கதவுக்குப் பின்னால தொங்குமே, அந்தக் கயிற்றை அனுப்புங்க அப்பா, அதாலதான் ஆரம்பிக்கணும்" என்று கேட்டிருக்கிறாய். வேறொரு தகப்பனாக இருந்தால் பூரித்துப் போயிருப்பான். நான் கடிதத்தை மடித்து மேசைக்குள் வைத்துவிட்டேன். அன்றைக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை.

நீ பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிய ஆர்க்கிடெக்ட். நான் வீட்டுப் பிளேன் வரைகிறவன். பதுளையில் என்னை 'பிளேன் ஐயா' என்று கூப்பிடுகிறார்களே, அதுதான் எனக்குக் கிடைத்த பட்டம். பசறைப் பக்கம் ஒரு லயத்தின் ஒற்றை அறைக் காம்பிராவில் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, கொழும்பில் ஒரு வெள்ளைக்காரர் ஆபீசில் மற்றவர் வரைந்ததைப் பிரதி எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே கற்றுக்கொண்ட தொழில் இது. அந்த ஆபீசில் ஒன்றைக் கவனித்தேன். வீடு கட்ட வருகிறவர் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவார். அவர் சம்சாரம் பக்கத்தில் கைப்பையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி இருப்பாள். படத்தை விரித்துக் காட்டினால் இருவரும் தலையாட்டுவார்கள். ஒருவரும் எதையும் மறுத்துச் சொன்னதில்லை. கடுதாசி என்றால் மனுஷருக்கு ஒரு பயம். அதில் கோடு போட்டிருந்தால் ஏதோ முடிவாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள்.

பதுளைக்கு வந்து சொந்தமாக வேலை தொடங்கியபோது முதலில் வந்தவர் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், யாழ்ப்பாணத்துக்காரர். பென்ஷன் எடுத்த பிறகும் இந்தக் குளிரை விட்டுப் போக மனமில்லாமல் இங்கேயே வீடு கட்ட நினைத்தார். முன்னால் பெரிய ஹோல், சுற்றிவர விறாந்தை, வருகிறவர்கள் பார்த்ததும் அசந்து போகவேண்டும் என்றார். வரைந்து கொண்டுபோனேன். அவர் மனைவி பார்த்துவிட்டு "வடிவாக் கிடக்கு" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லில் ஏதோ இடித்தது எனக்கு. மறுநாள் வீடு கட்டவிருந்த வளவுக்குப் போய், முளை அடித்து, வீட்டை அதே அளவில் கயிற்றால் நிலத்தில் கட்டினேன். சந்தைப் பையைக் கையில் கொடுத்து, "அம்மா, கேட்டுல இருந்து வீட்டுக்குள்ள வாங்க" என்றேன். அந்த அம்மா நடந்து வந்து, ஹோலுக்கு நேராக வந்ததும் நின்றுவிட்டார். "இஞ்சை பாருங்கோ தம்பி, ஆக்கள் வந்து இருக்கேக்கை நான் மீன்பையோடை எந்தப் பக்கத்தாலை குசினிக்குப் போறது?" என்றார். பிறகு திறந்த வாய் மூடவில்லை. எங்கே உடுப்புக் காயப்போடுவது, எங்கே படுப்பது, மாமியார் வந்தால் எந்த அறை என்று ஒவ்வொன்றாக வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் ஓரமாக நின்று, இத்தனை வருஷமாகக் கூட இருந்தவளை அன்றைக்குத்தான் பார்த்தவர் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹோல் பாதியாகிவிட்டது. அந்த வீடு இன்னும் இருக்கிறது, நீயும் அதற்குள் போய்ப் பலகாரம் சாப்பிட்டிருக்கிறாய்.

அன்றிலிருந்து அதுதான் என் வழி. நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதும் அதைத்தான். காசு கொடுக்கிறவர் ஒருவர், குடியிருக்கிறவர் இன்னொருவர். முதலாமவர் உன்னைத் தேடி வருவார், இரண்டாமவரை நீதான் தேடிப் போகவேண்டும். ஆபீசில் உட்காரவைத்து யாரையும் எதுவும் கேட்காதே. அவர்கள் இப்போது இருக்கும் வீட்டுக்குப் போ. மழையில் நனைந்து வந்தால் முதலில் எங்கே நிற்கிறார்கள், செருப்பு எங்கே கிடக்கிறது, வீட்டில் கோபம் வந்தால் யார் எந்த மூலைக்குப் போகிறார்கள் என்று பார். உன் படத்தைப் புகழ்ந்தால் அங்கே ஏதோ தப்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள். கயிற்றுக்குள் நின்று ஒருவர் உன்னைத் திட்டினால் சந்தோஷப்படு. இதையெல்லாம் நான் இன்றைக்கும் நம்புகிறேன். அதனால்தான் எனக்கு இவ்வளவு துக்கம்.

நீ கொழும்பில் போர்டிங்கில் இருந்த காலத்தில் நடந்தது இது. அம்மா உனக்கு அரைகுறையாகச் சொல்லியிருப்பாள். நாடு சுதந்திரமடைந்த கையோடு இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த நம் சனங்களின் பிரஜாவுரிமையை எடுத்துவிட்டு, அடுத்தபடியாக ஓட்டுரிமையையும் பிடுங்கிய பிறகு வந்த வருஷங்கள் அவை. பூனாகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அடைமழையில் மண் சரிந்து மேல் லயம் பாதி இடிந்து போனது. ஆள் சேதம் இல்லை. ஆனால் ஒரு குடும்பத்துக்கே மூச்சுமுட்டும் காம்பிராவில் இரண்டு குடும்பம் அடைந்து கிடந்தது. அந்தத் தோட்டத்துத் துரை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வெள்ளைக்காரர், நல்ல மனுஷர்தான். கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதை சீக்கிரம் முடிந்திருக்கும். பழைய மாதிரி நீட்டு லயம் வேண்டாம், இரண்டிரண்டாகச் சேர்ந்த வீடுகள் கட்டலாம், கொழும்பில் தோட்டத்தை நடத்துகிற கம்பெனி சம்மதித்த மாதிரிதான் என்றார். நான் சனங்களைக் கேட்டுவிட்டு வரையட்டுமா என்றேன். அவர் சிரித்தார். "கேட்டுப் பாரும். எதைக் கொடுத்தாலும் போதும் என்றுதான் சொல்வார்கள்" என்றார்.

அவர் சொன்னது போலத்தான் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை பந்து விளையாடும் திடலில் எல்லாரும் கூடினார்கள். "நீங்க பாத்து செய்யிங்க ஐயா, ஒழுகாம இருந்தா சரிங்க" என்பதுதான் எல்லார் வாயிலும். நான் வண்டியில் கொண்டுபோன தும்புக் கயிற்றுச் சுருள்களைக் குடும்பத்துக்கு ஒன்றாகக் கொடுத்தேன். அளவு சொல்லி, முளை அடித்து, அவரவர் வீட்டை அவரவரே கட்டச் சொன்னேன். வாசல், அடுப்பு, ஜன்னல் எங்கே வரவேண்டுமோ அங்கே கயிற்றில் ஒரு துணித்துண்டைக் கட்டுங்கள் என்று கிழிந்த துணிகளையும் கொடுத்தேன். கொஞ்ச நேரம் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார்கள். பிறகு பார்க்கவேண்டுமே! அண்ணன் தம்பி இருவர் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள், ஒருவர் வாசல் இன்னொருவர் வாசலைப் பார்க்கக் கூடாது என்று துணியைத் தள்ளித் தள்ளிக் கட்டி, கடைசியில் ஒருவர் வாசல் மலையைப் பார்த்து நின்றது. ஒரு கிழவர் வந்து, "தொர பங்களாவுல இருக்குதே, அது மாதிரி எனக்கு ரெண்டு தூணு வேணுங்க" என்றார். தூண் எதற்கு என்று கேட்டேன். "சாஞ்சிக்கத்தாங்க" என்றார். திடலே சிரித்தது. நானும் சிரித்தேன். என் தொழிலில் நான் சந்தோஷமாக இருந்த நாளைச் சொல் என்றால் அந்த நாளைத்தான் சொல்வேன்.

அங்கே பாக்கியம் என்று ஒருத்தி. கொழுந்து எடுக்கிறவள். இடுப்பில் ஒரு பிள்ளை, கையைப் பிடித்துக்கொண்டு மூத்தவன். மூத்தவனுக்கு இடது கை விரல்கள் சுருண்டு ஒட்டிப் போயிருந்தன. தவழ்கிற வயதில், அவள் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரம், தரையில் இருந்த அடுப்புக்குள் கையை விட்டுவிட்டான். அதனால் அவளுக்கு அடுப்பு இடுப்பு உயரத்தில் வேண்டும். அடுப்பின் முன்னால் நின்றால் வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பிராவுக்குப் போகும் பாதை தெரிகிற மாதிரி ஜன்னல் வேண்டும். துணித்துண்டு கட்டச் சொன்னதற்கு, "காத்துல பறந்துரும் ஐயா" என்று சொல்லி, கயிற்றிலேயே இறுக்கி முடிச்சுப் போட்டாள். வாசலுக்கு ஒன்று, அடுப்புக்கு ஒன்று, ஜன்னலுக்கு ஒன்று. நான் எல்லாரிடமும் கேட்கிற கேள்வியை அவளிடமும் கேட்டேன். "நீ எங்கம்மா உக்காருவ?" அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எங்களுக்கு எதுக்குங்க ஐயா உக்கார எடம்? காலையில வேலைக்குப் பேரு குடுக்கப் பெரட்டு, அந்தியில அடுப்பு. படுக்கத்தான் எடம் வேணும்" என்றாள்.

அன்று பார்த்ததையெல்லாம் வைத்து வரைந்தேன். துரைக்குப் பிடித்திருந்தது, கொழும்புக்கு அனுப்பினார். பதில் வந்ததும் அஸ்திவாரம் வெட்டவேண்டும் என்பதால் கயிறுகள் திடலிலேயே இருக்கட்டும் என்று விட்டோம். பதில் வரவில்லை. வாரங்கள் போயின. அதற்குள் அந்தச் சனங்கள் அங்கே குடிபோய்விட்டார்கள். நான் கேலியாகச் சொல்லவில்லை. வேலைவிட்டு வந்ததும் பானையும் விறகும் எடுத்துக்கொண்டு கயிற்று வீட்டுக்குப் போய், கல்லைக் கூட்டி, துணி கட்டிய இடத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி வந்தால் வாசல் இருக்கும் இடத்தில் நின்று கூப்பிட்டாள். பிள்ளைகள்கூட கயிற்றைத் தாண்டிக் குதிக்கவில்லை, சுற்றிக்கொண்டு வாசல் வழியாகத்தான் உள்ளே போனார்கள். ஒருத்தி மூலையில் கறிவேப்பிலைக் கன்று நட்டுவிட்டாள். நான் ஒருமுறை போயிருந்தபோது பாக்கியத்தின் புருஷன், "உள்ள வாங்க ஐயா" என்று என்னைக் கூப்பிட்டான். நானும் குனிந்துதான் உள்ளே போனேன். தலை இடிக்க அங்கே நிலையே இல்லை. மேலே வெறும் ஆகாயம். ஆனாலும் குனிந்தேன்.

ஒன்றுமில்லாத மனுஷருக்கு ஒரு கயிறு எப்படிப்பட்ட சொத்து என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த நாடு உங்களுடையது இல்லை என்று சட்டம் போட்டுச் சொல்லியாகிவிட்டது. அப்படிப்பட்டவர்களிடம் ஒருவன் கோட் போட்டுக்கொண்டு வந்து, உனக்கு வாசல் எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்கிறான். அவர்கள் அதைப் பிளேனுக்காகக் கேட்கிற கேள்வி என்று எடுத்துக்கொள்ளவில்லை. கொடுத்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டார்கள். நீயும் நானும் தொழில் என்று நினைப்பதை அவர்கள் வாக்கு என்று நினைக்கிறார்கள்.

கொழும்புக் கம்பெனியின் பதில் வந்தது. துரை என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். இந்த ஆட்கள் இன்னும் எத்தனை காலத்துக்கு இந்த நாட்டில் இருப்பார்கள் என்று தெரியாதபோது நிரந்தரமான வீடு தேவையில்லை, இடிந்த லயத்துக்குத் தகரம் போட்டுச் சரி பண்ணவும் என்று முடிவாகியிருந்தது. போகப் போகிறவர்களுக்கு எதற்கு ஜன்னல் என்பதுதான் அதற்கு அர்த்தம். துரைக்கும் முகம் செத்துப்போயிருந்தது. "கயிற்றை எடுக்கச் சொன்னால் எடுக்க மாட்டேன் என்கிறார்கள். எங்கள் ஆட்களைத் திடலுக்குள் விடவில்லை. நீர்தானே கட்டினீர், நீரே வந்து எடுத்தால் பேசாமல் இருப்பார்கள். உம்மேல் அவர்களுக்கு மரியாதை இருக்கிறது" என்றார்.

நான் எடுக்க மாட்டேன் என்று சொன்னேன். "கயிறு என்னுடையதுதான். ஆனால் இப்போது அது வீடு. குடியிருக்கிறவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பண்டாரவளை போய் பஸ் பிடித்து வீட்டுக்கு வரும்வரை நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். "நல்லா சொன்னீங்க. ஆனா அதுனால அவங்களுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது.

ஆனது இதுதான். அடுத்த வாரம் ஒரு காலையில், சனங்களெல்லாம் பெரட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, தோட்டத்துக் காவல்காரர்களைக் கத்தியோடு திடலுக்கு அனுப்பினார்கள். அவர்கள் போவதைப் பாக்கியம் பார்த்துவிட்டாள். பெரட்டை விட்டு ஓடிவந்து, அவர்கள் மற்ற வீடுகளை அறுத்துக்கொண்டிருக்கும்போதே தன் வீட்டுக் கயிற்றைத் தானே முளையிலிருந்து கழற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டாள். கயிறு தோட்டத்துச் சொத்து, இங்கே கொடு என்று ஒரு காவல்காரன் பிடித்து இழுத்தான். "இது பிளேன் ஐயாவோடது, விடு" என்றிருக்கிறாள். அவன் விடவில்லை. பின்னாலேயே ஓடிவந்த அவள் புருஷன் காவல்காரனைப் பிடித்துத் தள்ளினான். தள்ளியதில் காவல்காரனுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதுவே போதுமானதாக இருந்தது. தோட்டத்தில் வேலை இல்லை என்று கணக்கை முடித்துப் பற்றுச்சீட்டைக் கொடுத்து, குடும்பத்தோடு வெளியே அனுப்பிவிட்டார்கள். இதெல்லாம் தோட்டத்துக் கிளாக்கர் ஒருவர் பதுளைக்கு வந்தபோது சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் துரையிடம் போனேன். அவர் பார்க்க மறுத்தார். வீட்டுக்குப் போய் எழுதினேன். பதில் இல்லை. அந்த வருஷமே அவரும் சீமைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எந்தத் தோட்டமும் என்னைக் கூப்பிடவில்லை. கூலியாட்களுக்கு இல்லாத ஆசையை ஊட்டுகிறவன் என்று பெயர். கடைகளுக்கு முன்பக்கமும் கக்கூசும் வரைந்துதான் உன்னைப் படிக்கவைத்தேன். அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை, கக்கூசும் மனுஷருக்கு வேண்டியதுதான். ஆனால் அதற்குப் பிறகு நான் யாருக்கும் கயிறு கட்டவில்லை. விவரம் தெரிந்து நீ பார்த்தவரையில் நான் கட்டியதே இல்லை என்பது உனக்கு இதுவரை உறைக்கவில்லையா? ஸ்டேஷன் மாஸ்டர் கதையைக் கேட்டுக் கேட்டு, நான் இன்னும் அப்படித்தான் வேலை செய்கிறேன் என்று நினைத்திருக்கிறாய். வந்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்துக் கடுதாசியைக் காட்டினேன். தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

பாக்கியத்தை மறுபடி பார்த்தது, நீ கொழும்பில் வேலைக்குச் சேர்ந்த வருஷம். அரசாங்கக் கச்சேரியில் பிரயாணத்துக்கான கடுதாசி வேலைகளுக்காகப் பதுளைக்கு வந்திருந்தார்கள். அவள் விசாரித்துக்கொண்டு என் ஆபீஸ் படியேறி வந்தாள். புருஷன் தெருவிலேயே நின்றுவிட்டான், மூச்சிரைப்பு. அந்தத் தோட்டத்தை விட்டபிறகு பசறை, ஹல்துமுல்லை என்று தோட்டம் தோட்டமாக அலைந்திருக்கிறார்கள். எங்கேயும் பெயர் பதியவில்லை, ஆள் குறைந்த நாட்களில் கைக்காசுக்கு வேலை கொடுத்தார்கள். இனி இங்கே தாங்காது என்று இந்தியாவுக்குக் கிளம்பிவிட்டார்கள். அவளுக்கு முடி பாதி நரைத்திருந்தது. மடியிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து என் மேசையில் வைத்தாள்.

"ஒங்க சாமான் எங்ககிட்ட இருந்துச்சு ஐயா. அடுத்தவங்க பொருள வச்சிக்கிட்டுக் கடல் தாண்டக் கூடாது."

பிரித்துப் பார்த்தேன். கயிறு. இத்தனை வருஷமும் அதை வைத்திருந்திருக்கிறாள். துணி காயப்போடக்கூட எடுக்கவில்லை. "நீயே வச்சுக்கம்மா" என்றேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். "முடிச்ச அவுக்கலைங்க. ஒங்களுக்கு அடையாளம் தெரியணும்ல. இது வாசல். இது அடுப்பு. இது ஜன்னல், புள்ளைங்க வர்ற பாதைக்கு" என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். கயிற்றில் இன்னொரு முடிச்சும் இருந்தது. அன்றைக்குத் திடலில் நான் பார்த்தபோது அது இல்லை. ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடுவில், புதிதாகப் போட்டது. இது என்னம்மா என்று கேட்டேன். அவள் பழையபடி வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பு வரவில்லை. "அது ஒண்ணும் இல்லீங்க. நீங்க அன்னிக்குக் கேட்டீங்கள்ல. அப்புறம் அங்க சமைச்சிக்கிட்டு இருந்தப்ப தோணுச்சு. அது நான் உக்காருற எடம்."

எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்டேன். "அவரோட தாத்தா ஊரு தொறையூர்ப் பக்கமாம். நாங்க யாரும் பாத்ததில்ல" என்றாள். அங்கே வீடு இருக்கிறதா என்றேன். "போயித்தாங்க பாக்கணும்" என்றாள். பிறகு, "வர்றேங்க" என்று சொல்லிப் படியிறங்கினாள். போகிறவர்கள் போகிறேன் என்று சொல்லக் கூடாதல்லவா, அந்த வழக்கத்தை அவள் விடவில்லை. மறுநாள் ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து கப்பல். நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. கதவைச் சாத்தி, அதன் பின்னால் ஆணியில் கயிற்றை மாட்டிவிட்டு ஆபீசிலேயே இருந்தேன்; லீவில் வந்தபோதெல்லாம் நீ பார்த்தது அதைத்தான்.

மகனே, இப்போது உன் வேலைக்கும் தோட்டக் கம்பெனி சம்மதித்த மாதிரிதான் என்கிறாய். அன்றைக்குத் துரை சொன்னதும் இதே வார்த்தைதான். இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து, நம்மில் எத்தனை பேர் உனக்கு, எத்தனை பேர் எனக்கு என்று பேசிக்கொண்டிருக்கிற நேரம் இது. மூட்டைகளைப் பங்கு போடுகிற மாதிரிப் போடப் போகிறார்கள். நீ வரைகிற வீட்டின் வாசலில் நிற்கப் போகிறவள் அடுத்த வருஷம் எந்தக் கரையில் நிற்பாள் என்று உனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. இந்த நிலையில் நீ போய் அவளிடம் உனக்கு ஜன்னல் எங்கே வேண்டும் என்று கேட்கப் போகிறாயா? எனக்கு நம்பிக்கை இல்லை. வெட்கப்படாமல் சொல்கிறேன், ஒரு துளிகூட இல்லை. நான் செய்தது தப்பு என்று சொல்லி முடித்துவிட முடிந்தால் எவ்வளவு நிம்மதி! தப்பு செய்தவனுக்கு மன்னிப்பாவது உண்டு. நான் தப்புச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. கேட்கவேண்டியவர்களைத்தான் கேட்டேன். எடுக்கச் சொன்னபோது மறுத்தேன். சரியாகச் செய்த ஒரு காரியம் ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்திக் கடலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டது. அதற்கு நான் யாரிடம் போய் முறையிடுவது? மிஷன் கோயிலிலும் முழங்காலில் நின்று பார்த்துவிட்டேன்.

போகாதே என்றுதான் உனக்குச் சொல்ல நினைத்தேன். கம்பெனி கொடுக்கிற அளவை வைத்து, ஆபீசிலேயே உட்கார்ந்து, காற்றும் வெளிச்சமும் வருகிற மாதிரி ஒழுங்கான ஒரு லயத்தை வரைந்து கொடுத்துவிட்டுச் சம்பளத்தை வாங்கு. யாரையும் எதுவும் கேட்காதே. கேட்காத வீட்டில் மனுஷர் இருந்துவிடுவார்கள், கேட்டுவிட்டுக் கொடுக்காத வீட்டைத்தான் தூக்கிக்கொண்டு அலைவார்கள். ஆனால் நீ உன் அம்மாவின் பிள்ளை, சொன்னால் கேட்கமாட்டாய். அப்படியே போவதானால், வீடு கட்டுகிற காசு ஒதுக்கியாயிற்று, வேலையாட்கள் மண்வெட்டியோடு நிற்கிறார்கள் என்கிற நாள் வரைக்கும் ஒரு முளையும் அடிக்காதே. துரைமார் வாய்ச்சொல்லை நம்பி ஒரு பெண்ணிடம் அவள் எங்கே உட்காருவாள் என்று கேட்காதே. அதையாவது எனக்காகச் செய்.

இவ்வளவையும் எழுதிவிட்டு உன் அம்மாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். திடலில் நடந்தது அவளுக்குத் தெரியும். பாக்கியம் வந்துபோனதை நான் அவளிடம் சொன்னதில்லை. கயிற்றை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு முடிச்சாகத் தடவிப் பார்த்தாள். "வாசல் எது?" என்றாள். காட்டினேன். "அவ உக்காருற எடம்?" என்றாள். காட்டினேன். அந்த முடிச்சை விரலால் பிடித்துக்கொண்டாள். பிறகு எழுந்து போய், கயிற்றை அவளே கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டு, பார்சலைக் கட்டித் தைத்துவிட்டாள்.

இந்த முடிச்சுகளை அவிழ்த்தால்தான் அது உனக்குக் கயிறாகப் பயன்படும். அவிழ்ப்பதும் திடலிலிருந்து எடுப்பதும் ஒன்றுதான். அன்றைக்குத் துரையிடம் எடுக்க மாட்டேன் என்று சொன்னேன், உனக்கும் அதையேதான் சொல்லவேண்டியிருக்கிறது. உனக்குத் தெரியாத ஒருத்தி அதற்குள் குடியிருக்கிறாள்.

கொழும்பில் எந்தக் கடையிலும் தும்புக் கயிறு கிடைக்கும். புதிதாக வாங்கிக்கொள்.

அப்பா